இரண்டாம் ஹென்றியின் அவையில் ஒரு காயிது

ஹிஜ்ரி 548 ஷவ்வால் மாதம், அதாவது 1154 ஜனவரியில், ஸிஸிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் புவியியல் பேரறிஞர் அல் இத்ரீஸி தம் பெருநூலை எழுதி முடித்தார். நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் வேண்டுகோளுக்கிணங்க அரபு மொழியில் இயற்றப்பட்ட அந்நூலில் இங்கிலாந்துக்கும் ஓர் இடம் உண்டு. தீக்கோழியின் தலை போன்ற வடிவுடைய பெருந்தீவு அது. செழித்த நகரங்களும் உயர்ந்த மலைகளும் உடையது. மக்கள் உறுதியும் ஊக்கமும் மிக்கவர்கள். ஆனால் குளிர்காலம் அங்கே ஓய்வதே இல்லை என்று அவர் எழுதுகிறார். கடைசிச் செய்தியை இங்கிலாந்தில் வாழ்ந்து திரும்பிய நம்மவர் எவரும் மறுக்க மாட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் அந்தக் குளிர்த் தீவின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் முடிசூடினார். ஆஞ்சூ நாட்டுக் கோமகன் ஜெஃப்ரியின் மகனான அவரே இரண்டாம் ஹென்றி. அவர் தொடங்கி வைத்த பிளான்டாஜெனட் மரபு, அதன் கிளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1485 வரை இங்கிலாந்தை ஆண்டது. ஜெஃப்ரி தம் தொப்பியில் செருகிக்கொள்வார் எனச் சொல்லப்படும் மஞ்சள் பூச்செடி ஒன்றின் இலத்தீன் பெயரே அம்மரபின் பெயராயிற்று. ஹென்றி தம்மை அப்பெயரால் அழைத்துக்கொண்டவர் அல்லர். குடும்பப் பெயராக அது வழங்கியது 15-ஆம் நூற்றாண்டில்தான்.

பலெர்மோவுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடையே அந்நாளில் எத்தகைய போக்குவரத்து இருந்தது? இக்கேள்வியை எழுப்பக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில், ஆங்கிலேயரின் சட்டம் முழுவதும் இஸ்லாமியச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதென்றும், 'ஷெரீஃப்' என்னும் பதவிப் பெயரே 'ஷரீஃப்' என்னும் அரபுச் சொல் என்றும் ஒரு பேச்சாளர் முழங்கக் கேட்டேன். அரங்கம் கையொலியால் அதிர்ந்தது. ஆனால் ஷெரீஃப் என்பது, மாவட்டத்தைக் குறிக்கும் 'ஷைர்', காரியக்காரரைக் குறிக்கும் 'ரீவ்' என்னும் இரு பழைய ஆங்கிலச் சொற்கள் சேர்ந்து உருவானது. நார்மானியர் இங்கிலாந்தில் கால்வைக்கும் முன்பே அச்சொல் அங்கு வழங்கியது. உண்மையில் அரபு மூலம் கொண்ட 'அட்மிரல்' என்னும் சொல் அப்பேச்சாளருக்கு நினைவுக்கு வரவில்லை. 'அமீர்' என்னும் சொல் ஸிஸிலியின் நார்மானிய அரண்மனை வழியாகவே கடற்படைத் தலைவரின் பட்டமாக ஐரோப்பாவில் பரவியது.

ஹென்றியின் கைக்கு வந்த நாடு சிதைந்து கிடந்தது. 1120-இல் 'வெள்ளைக் கப்பல்' நார்மண்டிக் கரையருகே பாறையில் மோதி மூழ்கியபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனாராகிய முதலாம் ஹென்றியின் ஒரே முறையான ஆண்வாரிசு அதனோடு மாண்டார். மன்னர் தம் மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்குமாறு பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135-இல் அவர் கண்மூடியதும் அச்சத்தியம் காற்றில் பறந்தது. சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடினார். பின்னர் 19 ஆண்டுகள், முறையான அரசு என ஒன்று நாடெங்கும் செல்லவில்லை. அவரவர் கோட்டை கட்டினர். அவரவர் நாணயம் அடித்தனர். வலியவன் எளியவன் நிலத்தில் நுழைந்து உட்கார்ந்துகொண்டான். 1153-இல் ஸ்டீபனின் மூத்த மகன் இறந்துவிட, மட்டில்டாவின் மகன் ஹென்றியே அடுத்த மன்னர் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டே ஸ்டீபனும் இறந்தார்.

அதற்குமுன் 1152-இல் ஹென்றி அக்விட்டேனின் சீமாட்டி எலினாரை மணந்திருந்தார். பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியிடமிருந்து அவர் பிரிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. லூயியோடு இரண்டாம் சிலுவைப் போருக்குச் சென்று, 1148-இல் திமிஷ்க் முற்றுகை தோல்வியில் முடிந்தபின், ஸிஸிலி அரசரின் நாட்டு வழியே ஊர் திரும்பியவர் அவர். இத்திருமணத்தால் ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் மலை வரை ஹென்றியின் ஆணை சென்றது. 35 ஆண்டு ஆட்சியில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை அவர் கடலுக்கு அப்பாலேயே கழித்தார். சிவந்த முடியும் குதிரையேறி வளைந்த கால்களும் கொண்ட அம்மன்னர், உண்ணும்போதும் குதிரைமீதும் தவிர வேறெங்கும் அமர்வதில்லை என்று அவருடைய அவையினர் சலித்துக்கொண்டனர்.

முதல் வேலையாக, அனுமதியின்றிக் கட்டப்பட்ட கோட்டைகளை இடித்தார், கூலிப்படையினரை வெளியேற்றினார், 1158-இல் புதிய வெள்ளி நாணயம் வெளியிட்டார். இவை வல்லமையுள்ள எந்த அரசரும் செய்யக்கூடியவை. ஹென்றியின் பெயர் இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஒலிப்பதற்குக் காரணம் வேறு.

நிலத்தைப் பறிகொடுத்தவன் என்ன செய்வான்? தன் பிரபுவின் மன்றத்துக்குப் போகலாம். பறித்தவரே அந்தப் பிரபுவாகவும் இருக்கலாம். தன் உரிமையை மெய்ப்பிக்க எதிரியோடு களத்தில் போரிட வேண்டியும் வரலாம். 1166-ஐ ஒட்டி ஹென்றி இதற்கொரு மாற்று வழி திறந்தார். நிலமிழந்தவர் சிறு தொகை செலுத்தி அரசரின் செயலகத்தில் ஓர் ஆணைச் சீட்டுப் பெறலாம். அதைக் கண்டதும் ஷெரீஃப் அப்பகுதியின் நன்மக்கள் 12 பேரை அழைத்து நிலத்தைப் பார்வையிடச் செய்வார். அரசரின் நீதிபதி வந்ததும் அவர்கள் சத்தியத்தின்மீது இரண்டே கேள்விகளுக்கு விடை கூறவேண்டும்: நிலம் வாதியின் சுவாதீனத்தில் இருந்ததா? குறிப்பிட்ட நாளுக்குப் பின், நியாயமின்றியும் தீர்ப்பின்றியும் அவர் அதிலிருந்து வெளியேற்றப்பட்டாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் நிலம் உடனே திரும்பும். உண்மையான உரிமையாளர் யார் என்பது வேறு வழக்கு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணம் நமக்கும் அயலானது அன்று. இந்தியக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 1963-இன் 6-ஆம் பிரிவின்படி, சட்ட வழியன்றித் தம் சம்மதமில்லாமல் வெளியேற்றப்பட்டவர், எதிராளிக்கு என்ன உரிமை இருப்பினும், 6 மாதத்துக்குள் வழக்கிட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ அப்பிரிவின் கீழ் வழக்காடுபவர், தம்மை அறியாமலேயே 12-ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவரின் நிழலில் நிற்கிறார்.

எனினும் ஹென்றியின் நீதியை முழுதும் வெளிச்சமாகக் காட்டுவது நேர்மையாகாது. அதே 1166-இல் கிளாரண்டனில் அவர் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் 12 பேர் சத்தியமிட்டுக் கொலைகாரர், கொள்ளையர் யாரெனச் சொல்ல வேண்டும். அவ்வாறு சுட்டப்பட்டவர் குற்றவாளியா என்பதைத் தீர்மானித்தது சாட்சியமன்று, தண்ணீர். கட்டிக் குளத்தில் இறக்கப்பட்டவர் அமிழ்ந்தால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. மிதந்தவர் ஒரு பாதத்தை இழந்தார். அமிழ்ந்து பிழைத்தவரும் ஊரில் மிகக் கெட்ட பெயர் உடையவராயின் நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான்.

இதே வகை நீதியை ஃபலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் ஒரு முஸ்லிம் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். ஷைஸர் கோட்டையின் பிரபுவான உஸாமா இப்னு முன்கித் என்பவரே அவர். ஹென்றி இறப்பதற்கு முந்திய ஆண்டு, 1188-இல் மறைந்தவர். ஃபிராங்கியர் ஒருவனைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியதையும், அவன் எவ்வளவு முயன்றும் அமிழ இயலாமற் போகவே அவனுடைய கண்களைக் குருடாக்கியதையும் தம் நினைவுநூலில் அவர் பதிவு செய்கிறார். காளிகளின் முன் சாட்சி சொல்லி வழக்குத் தீர்க்கும் மரபில் வளர்ந்த அவருக்கு அக்காட்சி அருவருப்பூட்டியது. இங்கிலாந்தில் இந்தத் தண்ணீர்ச் சோதனை ஒழிந்தது, 1215-இல் திருச்சபை தன் குருமார்கள் அதில் பங்குகொள்ளக் கூடாதென்று தடுத்த பிறகுதான்.

இனி பலெர்மோவுக்கு வருவோம். நார்மானியர் 1072-இல் முஸ்லிம்களிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றினர். ஆயினும் நாட்டை ஆளும் முறையை அவர்கள் முஸ்லிம்களிடமே கற்றனர். ரோஜரின் திவானில் அரபுக் காதிப்கள் பணியாற்றினர். நில எல்லைகள் அரபில் எழுதப்பட்டன. உயரதிகாரிகள் 'காயிது' என்று அழைக்கப்பட்டனர். 1149-ஆம் ஆண்டின் அரபு ஆவணம் ஒன்றில் அத்தகைய அதிகாரி ஒருவர் 'காயிது பிரூன்' எனக் குறிக்கப்படுகிறார். அவர் அரபியரோ பெர்பரோ அல்லர். தாமஸ் பிரவுன் என்னும் ஆங்கிலேயர்!

1154-இல் ரோஜர் இறந்து மகன் பட்டத்துக்கு வந்தபின் தாமஸுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. ஹென்றி அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1158-லிருந்து அவருடைய பெயர் இங்கிலாந்தின் அரசுக் கணக்குச் சுருள்களில் காணப்படுகிறது. அக்கணக்கு மன்றத்தைப் பற்றி, ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களின் இறுதியில் ஒரு நூல் எழுதினார். 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசை. அதன்மேல் கோடிட்ட கறுப்புத் துணி. கட்டங்களில் காசுகளை நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்கள். ஆண்டுக்கிருமுறை ஷெரீஃப்கள் நடுங்கியவாறு எதிரே நிற்பார்கள். சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் மன்றத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போனது அரபியர் வழியாக; அந்த ஆட்டத்தின் பெயருக்குள் ஒளிந்திருப்பதோ பாரசீகத்தின் 'ஷாஹ்'. அம்மேசையருகே தாமஸ் பிரவுனுக்குத் தனி இருக்கையும் சொந்த எழுத்தரும் இருந்தனர் என்றும், மற்ற இருவர் எழுதும் சுருள்களுக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு சுருளை அவர் வைத்திருந்தார் என்றும் ரிச்சர்டு கூறுகிறார். அரசரின் உரிமைகளும் இரகசியங்களும் அதில் இருந்தனவாம். அச்சுருள் கிடைக்கவில்லை.

பேச்சாளர்களுக்கு இது போதும். ஆனால் ஆய்வாளருக்கும் ஆசை வருவது இயல்பே. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஜான் மக்திஸி 1999-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அறிஞர் உலகில் பெரிதும் பேசப்பட்டது. ஹென்றியின் ஆட்சியில் திடீரெனத் தோன்றிய மூன்று சட்ட அமைப்புகளுக்கும் மாலிகி மத்ஹபில் இணைகள் உள்ளன என்றார் அவர். கடன் வழக்குக்கு 'அக்து' என்னும் ஒப்பந்த முறை; நிலமீட்பு வழக்குக்கு 'இஸ்திஹ்காக்'; 12 பேர் கொண்ட ஜூரிக்கு, மக்ரிபில் வழங்கிய 12 சாட்சிகளின் 'லஃபீஃப்'. ஸிஸிலி முஸ்லிம்கள் மாலிகிகள். இரு தீவுகளையும் ஆண்டவர்கள் நார்மானியர். இடையில் பாலமாகத் தாமஸ் பிரவுன் நிற்கிறார்.

வாதம் கவர்ச்சியானதுதான். இதை எதைக்கொண்டு உரைத்துப் பார்ப்பது? அதற்கான உரைகல்லை வெளியே தேடவேண்டியதில்லை. ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் கலையை உலகுக்குத் தந்தவர்கள் முஹத்திஸ்கள். இருவர் ஒரே காலத்தவராக இருந்து, சந்தித்திருக்க வாய்ப்பும் இருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம். சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி. தாமஸ் பிரவுன் விஷயத்தில் புகாரியின் கடுமையான நிபந்தனையும் நிறைவேறுகிறது. அவர் பலெர்மோவின் திவானிலும் இருந்தார், ஹென்றியின் அவையிலும் இருந்தார். ஆனால் தொடர் மட்டும் இருந்தால் போதுமா? அத்தொடரின் வழியே வந்த செய்தி எங்கே? மாலிகிச் சட்டத்தைப் பற்றி அவர் ஹென்றியிடம் ஒரு சொல் கூறியதாகக்கூட எந்த ஏட்டிலும் இல்லை. அவர் கணக்கு அதிகாரி. சட்ட அறிஞர் அல்லர்.

அதுமட்டுமன்று. 12 பேர் சத்தியமிட்டுக் குற்றவாளியைச் சுட்டும் வழக்கம், 997-ஐ ஒட்டி ஆங்கில மன்னர் ஏதெல்ரெட் பிறப்பித்த சட்டத்திலேயே காணப்படுகிறது. ஊராரிடம் சத்தியத்தின்மீது செய்தி கேட்பது ஃபிராங்கிய அரசர்களின் பழைய முறை. 1086-இல் முதலாம் வில்லியம் இங்கிலாந்து முழுவதையும் அளந்து எழுதச் செய்தபோது அதையே கையாண்டார். பறித்ததை முதலில் திருப்பிக் கொடு, பிறகு வழக்காடு என்னும் கோட்பாடு திருச்சபைச் சட்டத்திலும் உரோமானியச் சட்டத்திலும் உண்டு. லஃபீஃபை விரிவாகப் பேசும் மக்ரிபு நூல்களோ ஹென்றிக்குப் பிந்தியவை. கணக்கு மன்றமும் ஹென்றியின் பாட்டனார் காலத்திலேயே இருந்தது. மக்திஸி காட்டும் ஒப்புமைகளைப் படிக்கும்போது உள்ளம் தயங்கத்தான் செய்கிறது. அவர் ஒரு கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உறுதியான கடன்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பாத் நகரத்து அடலார்டு, அரபிலிருந்து யூக்ளிடின் வடிவகணித நூலையும் அல் குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளையும் இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர். 1150-ஐ ஒட்டி அவர் 'உஸ்துர்லாப்' என்னும் வானளவுக் கருவியைப் பற்றி ஒரு நூல் எழுதி, இன்னும் அரியணை ஏறாத இளவரசர் ஹென்றிக்கு அதைச் சமர்ப்பித்தார். அரபியரின் வானறிவை இலத்தீனில் அறிய விரும்பிய இளைஞருக்காக எழுதுவதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். அங்கே தொடரும் உண்டு, செய்தியும் உண்டு. ஹென்றி ஆண்டபோதே மார்லி ஊரைச் சேர்ந்த டேனியல் என்பவர் பாரிஸில் கல்வி சாரமற்றிருக்கக் கண்டு தொலீடோவுக்குச் சென்று, அரபு நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜெரார்டிடம் பயின்று, நூல்களோடு இங்கிலாந்து திரும்பினார். இத்தனைக்கும் பிறகும் ஹென்றியின் கணக்குச் சுருள்களில் எண்கள் உரோமானிய எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. அறிவு வந்து வாசலில் நின்றாலும் அலுவலகம் கதவு திறக்க நாளாகும் போலும்.

ஹென்றியின் வாழ்வைக் கசப்பாக்கியது தாமஸ் பெக்கெட்டோடு மூண்ட பகை. நண்பரும் அமைச்சருமான அவரை 1162-இல் கேன்டர்பரியின் தலைமைப் பேராயராக்கினார் மன்னர். குற்றம் செய்த குருமார்களை அரசு தண்டிக்கலாமா என்பதில் இருவரும் மோதினர். பெக்கெட் பிரான்ஸுக்குத் தப்பினார். போப்பாண்டவர் அவருக்கு ஆதரவாயிருப்பது கண்டு ஹென்றி கொதித்தார். பெக்கெட்டைப் பேராயராகச் சகித்துக்கொள்வதைவிட நூருத்தீனின் மார்க்கத்தைப் பின்பற்றிவிடுவதே மேல் என்று மன்னர் மிரட்டியதாக 1168-ஆம் ஆண்டின் மடல் ஒன்று கூறுகிறது. ஹலபின் சுல்தான் நூருத்தீன் ஸங்கியின் பெயர் இங்கிலாந்து அரசரின் கோபத்தில் எதிரொலித்தது வியப்பே. ஆனால் அதில் இஸ்லாத்தின்மீது நாட்டம் தேடுவது வீண். போப்பாண்டவருக்கு எது உறைக்கும் என்பதை ஹென்றி அறிந்திருந்தார், அவ்வளவே.

1170 டிசம்பர் 29-இல் ஹென்றியின் வீரர்கள் நால்வர் பெக்கெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். கொல்லச் சொன்னாரா, கோபத்தில் கத்தியதை அவர்கள் ஆணையாகக் கொண்டனரா என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. பழி மன்னரைச் சேர்ந்தது. 1174-இல் வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்து, துறவியரிடம் கசையடி வாங்கினார். பின்னாளில் பெக்கெட்டின் தாய் ஓர் அரபு அமீரின் மகள் என்றும், காதலரைத் தேடி 'லண்டன்', 'கில்பர்ட்' என்னும் இரு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கடல் கடந்து வந்தவர் என்றும் ஒரு கதை பரவியது. அழகான கதை, ஆதாரமற்றது. பெற்றோர் இருவரும் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள்.

கொலைக்குப் பரிகாரமாக ஹென்றி ஏற்ற கடமைகளுள் ஒன்று பைத்துல் முகத்தஸின் பாதுகாப்புக்குப் பணம் அனுப்புவது. 1185-இல் அந்நகரின் கிறிஸ்தவத் தலைமைக் குரு ஹெராக்ளியஸ் நேரில் வந்து நகரின் சாவிகளையே நீட்டியபோதும் ஹென்றி போக மறுத்தார். பணம் மட்டும் சென்றது. அப்பணத்தைக் கொண்டு திரட்டிய வீரர்களும் 1187 ஜூலை 4-இல் ஹித்தீனில் சலாஹுத்தீன் அய்யூபியின் முன் நின்று தோற்ற படையில் இருந்தனர். ரஜப் 27-இல், அதாவது அக்டோபர் 2-இல், பைத்துல் முகத்தஸ் மீண்டது. கேன்டர்பரியில் சிந்திய இரத்தத்தின் விலை ஹித்தீன் வரை நடந்துபோன இக்கதையை நம் வரலாற்று நூல்கள் ஏனோ சொல்வதில்லை.

செய்தி கேட்ட ஹென்றி 1188 ஜனவரியில் சிலுவை அணிந்தார். வருவாயிலும் அசையும் பொருளிலும் பத்திலொரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. மக்கள் அதற்கு 'சலாஹுத்தீன் வரி' என்றே பெயரிட்டனர். ஒருவர் குறைத்துக் கொடுத்ததாக ஐயம் எழுந்தால் அவ்வூரின் நன்மக்கள் 4 அல்லது 6 பேர் சத்தியமிட்டு மதிப்பிட வேண்டும். நிலம் பறிகொடுத்தவனுக்காக ஏற்பட்ட ஊர்ச்சத்தியம் இப்போது வரி தண்டவும் பயன்பட்டது. ஹென்றி புறப்படவேயில்லை. தம் மகன் ரிச்சர்டும் பிரெஞ்சு மன்னரும் சேர்ந்து எதிர்க்க, கடைசி மகன் ஜானும் பகைவர் பட்டியலில் இருப்பதை அறிந்து, 1189 ஜூலை 6-இல் ஷினோனில் உயிர்நீத்தார். ஃபொந்தெவ்ரோ மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய மகள் ஜோன் 1177-இல் ஸிஸிலி மன்னர் இரண்டாம் வில்லியமுக்கு மணமுடிக்கப்பட்டவர். 1184-இன் இறுதியில் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து கரைசேர்ந்த பயணி இப்னு ஜுபைர், அந்த வில்லியம் அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றும், முஸ்லிம் பணியாளர்களையே பெரிதும் நம்பினார் என்றும் வியக்கிறார். அதே பக்கங்களில், ஈமானை மறைத்து வாழும் ஸிஸிலி முஸ்லிம்களின் கண்ணீரையும் எழுதுகிறார். வில்லியம் இறந்தபின் ஜோன் தம் அண்ணன் ரிச்சர்டோடு ஃபலஸ்தீனம் சென்றார். 1191 அக்டோபரில் ரிச்சர்டு ஒரு சமாதான யோசனையை முன்வைத்தார்: ஜோனைச் சலாஹுத்தீனின் தம்பி அல் ஆதில் மணந்துகொள்ளட்டும், இருவரும் பைத்துல் முகத்தஸிலிருந்து நாட்டை ஆளட்டும். இச்செய்தியை நமக்குத் தருபவர் காளி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். அல் ஆதிலிடமிருந்து சுல்தானிடம் அதை எடுத்துச் சென்றவரே அவர்தான். சுல்தான் ஒப்புகிறாரா என்று அவர் கேட்டாராம். ரிச்சர்டு இதை மெய்யாக நினைத்திருக்க மாட்டார் என்று கருதிய சுல்தான், 'சரி' என்று மும்முறை சொன்னாராம். ஹென்றியின் மகளோ சீற்றத்தோடு மறுத்துவிட்டார். 1199-இல் இறந்த ஜோனும் தந்தை உறங்கும் அதே ஃபொந்தெவ்ரோவில் அடக்கமாகியிருக்கிறார்.